விரிப்புக்கு இந்தப் பக்கம்

ஹார்ன் என்றால் எனக்கு
வண்டியில் அடிப்பது.
பதினோரு வருஷம் பேருந்து, இப்போது டிராம்,
தாம்பெரே ஊரில், மூன்றாம் எண் தடம்.
மேல்வீட்டு சைமியிடம் இருப்பது
நத்தை மாதிரிச் சுருண்ட பித்தளை.
ஒரு முனையில் உதடு, மறுமுனைக்குள் கை.

நவம்பரில் தொடங்கியது அந்தச் சத்தம்:
தரைத்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிவரை
தடதடவென்று ஓட்டம்,
சாவி, கதவு,
மூச்சு அடங்கும் முன்பே ஊதல்.
தாளில் எண்ணினால் பதினோரு கட்டமாம்.
ஏழாவதில் ஓர் உச்சி. அங்கே உடைந்துவிடும்,
கைநழுவிய முட்டை போல.
மறுபடி கீழே இறங்குவாள்.

துணி துவைக்கும் அறையில் கேட்டுவிட்டேன்.
"ஜனவரியில் தேர்வு. திரைக்குப் பின்னால் நடுவர்கள்.
நான் அசையாமல் நிற்பேன்,
இதயம் மட்டும் படியேறும்.
உதட்டுக்கு அதை
இப்போதே அறிமுகப்படுத்தி வைக்கிறேன்."
சோப்புத்தூளை அளந்துகொண்டே சொன்னாள்,
பஸ் நேரம் சொல்வது போல.

என்னை நடுவராக்கினாள்.
என் வீட்டுப் படுக்கை விரிப்பு, நீலக்கோடு போட்டது,
கவ்விகளில் தொங்கியது.
இந்தப் பக்கம் நான், முக்காலி, கம்பளிக் காலுறை.
எப்போது வேண்டுமானாலும் இருமு என்றாள்.
கரண்டியைக் கீழே போடு. முக்காலியை இழு.
பாதியில் "நன்றி, போதும்" என்று சொல்.
எங்கே என்பதை மட்டும் சொல்லிவிடாதே.

மனுஷியைக் கெடுக்கிற வேலை. நன்றாகவே செய்தேன்.
மூன்றாம் கட்டத்தில் கரண்டி.
உச்சிக்கு அரை மூச்சு முன்னால் இருமல்.
முதல் வாரம் உடைந்தாள், திட்டினாள்,
என் வம்சத்தையும் சேர்த்து.
அடுத்த வாரம் சிரித்துவிட்டாள்.
பிறகு ஒரு நாள் கரண்டி விழுந்தது,
எதுவும் ஆகவில்லை.
குழாயில் ஓடும் தண்ணீருக்குக்
கதவு தட்டுவது கேட்குமா என்ன?

கடைசி ஒத்திகை. ஞாயிறு. வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
ஏழாம் கட்டம் வந்தது.
தொண்டையில் இருமல் தயாராக இருந்தது.
அந்த உச்சியில் சுரம் நின்றது,
ஏரி உறைந்த முதல் காலை போல,
ஒரு கீறல் இல்லாமல்.
இருமலை விழுங்கிவிட்டேன்.

விரிப்பை விலக்கினாள்.
"ஏன் விட்டாய்?"
"அழகாக இருந்தது."
"உன்னை யார் ரசிக்கச் சொன்னது?"
கதவைக் காட்டினாள்.

இறங்கும்போது நினைவு வந்தது:
பயிற்சிக்கூடத்துப் பொய் வண்டியில்
திரையில் ஓடிவரும் பொய்க் குழந்தையை
இருநூறு தடவை காப்பாற்ற வைத்தார்கள்.
இருநூறு தடவையும் அது வேறு வேறு இடத்தில் வந்தது.
பயிற்றுநர் ஒரு தடவைகூட இரக்கப்படவில்லை.
போன குளிர்காலம் தண்டவாளத்துக்கு நடுவே
நிஜமாகவே ஒரு சறுக்குவண்டி வழுக்கி வந்தபோது
கை முதலில் போனது.
நான் இரண்டு மீட்டர் கழித்துத்தான்
வந்து சேர்ந்தேன்.

தேர்வு ஹெல்சிங்கியில், செவ்வாய் பத்தரைக்கு.
பத்தரைக்கு நான் கடைசி நிறுத்தத்தில்.
காரணமே இல்லாமல் ஓர் இருமல்.
மூன்று பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

புதன் இரவு அழைப்புமணி.
விரிப்பு, துவைத்து மடித்து,
மூலையில் கவ்வி கடித்த தழும்புடன்.
"ஒருத்தர் தும்மினார்," என்றாள். "நிஜத் தும்மல். ஏழில்."
"பிறகு?"
"பிறகு எட்டு."
முடிவு எப்போது என்று நான் கேட்கவில்லை.
அவளும் வாய் திறக்கவில்லை.

பத்து நிமிஷம் கழித்துத்
தரைத்தளத்திலிருந்து காலடி ஏறத் தொடங்கியது,
இரண்டிரண்டு படியாக.
டிவியை அணைத்தேன்.
எதற்கும் இருக்கட்டும் என்று
கரண்டியை எடுத்து
மேஜை விளிம்பில் வைத்தேன்.